வாடிய செடியும் வாழும் மண்ணும்

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக.

தாழ்நிலப் பகுதிகளில் வீட்டுப் பின்புறத்தில் தக்காளி நட்டவர்கள் பலருக்கும் ஒரே மாதிரியான அனுபவம் கிடைத்திருக்கும். நாற்று நன்றாக வேர் பிடிக்கும். ஒன்றரை மாதத்தில் இடுப்பளவு வளர்ந்து பூவும் பிஞ்சும் வைக்கும். பிறகு ஒருநாள் நண்பகலில் அதன் நுனி இலைகள் தொங்கிக் கிடக்கும். மாலையில் தண்ணீர் ஊற்றியதும் செடி நிமிர்ந்துவிடும். வெயிலின் கொடுமை என்று நாமும் நினைத்துக் கொள்வோம். மறுநாள் செடி முழுவதும் வாடும். சில நாள்களில், இலைகளின் பச்சை நிறம்கூட மாறாத நிலையிலேயே செடி மடிந்துவிடும்.

அதைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் இன்னொரு நாற்றை நட்டால் அதற்கும் அதே கதிதான். தக்காளிக்குப் பதிலாகக் கத்தரியையோ மிளகாயையோ நட்டாலும் பெரும்பாலும் தப்புவதில்லை. “நமக்குக் கைராசி இல்லை” என்று கூறித் தோட்டத்தையே கைவிட்டவர்களும் உண்டு. ஆனால், இதற்கும் கைராசிக்கும் தொடர்பில்லை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவே இந்த வாட்டத்திற்குக் காரணம்.

குவளை நீரில் ஒரு சோதனை

செடி தண்ணீரின்றி வாடியதா, நோயால் வாடியதா என்பதை நாமே கண்டறியலாம். வாடிய செடியின் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டி, ஒரு விரல் நீளத் துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை நிரப்பி, தண்டின் வெட்டிய முனை நீரில் படுமாறு அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் அந்த முனையிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழைகள் கீழ்நோக்கி இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய். இழை இறங்காவிட்டால் பூஞ்சை, வறட்சி, வேரழுகல் போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அந்த வெள்ளை இழையில் இருப்பவை கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். இவற்றை ரால்ஸ்டோனியா என்று அறிவியலாளர்கள் அழைக்கின்றனர். அமெரிக்க ஆய்வாளர் எர்வின் ஸ்மித் 1896ஆம் ஆண்டிலேயே இந்நோயை விளக்கி எழுதினார். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி, நிலக்கடலை என 200க்கும் மேற்பட்ட தாவர வகைகளை இது தாக்குகிறது.

வேரில் ஏற்படும் சிறு காயத்தின் வழியாகவோ, பக்கவேர் வெடித்து வெளிவரும் இடத்தின் வழியாகவோ பாக்டீரியா உள்ளே நுழைகிறது. வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசெல்லும் குழாய்களில் அது பெருகுகிறது. பசை போன்ற ஒரு பொருளையும் சுரக்கிறது. அந்தப் பசை குழாய்களை அடைத்துவிடுகிறது. வேரடியில் ஈரம் இருந்தும் இலைக்கு நீர் எட்டாமல் போவதற்கு இதுவே காரணம். இலையின் மேல் எந்த மருந்தைத் தெளித்தாலும் குழாய்களுக்குள் இருக்கும் பாக்டீரியாவை அது போதிய அளவில் சென்றடைவதில்லை. எனவே, வாடிவிட்ட செடியைக் காப்பாற்ற வழியில்லை. அடுத்து நடப்போகும் செடிக்காக மண்ணைச் சரிசெய்வது மட்டுமே நம்மால் இயலும்.

விவசாயியின் முன் உள்ள வழிகள்

வீட்டுத் தோட்டத்தில் நான்கு செடிகள் போனால் வருத்தத்தோடு முடிந்துவிடும். காய்கறியை நம்பிப் பிழைப்பவரின் நிலை வேறு. கேமரன் மலையில் அரை ஏக்கர் நிலத்தில் தக்காளி பயிரிடும் ஒரு விவசாயியை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த தட்பவெப்பம் தக்காளிக்கு ஏற்றது. எனினும், வாடல் நோய் அங்கும் வருகிறது. முட்டைக்கோஸ் பயிரிட்டால் வேர்கள் கட்டி கட்டியாக வீங்கும் வேர்வீக்க நோய் காத்திருக்கிறது. அந்நோயின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். நாற்று, உரம், கூலி ஆகியவற்றுக்குச் செலவழித்த பணம் முழுவதும் சில வாரங்களில் மண்ணோடு போய்விடும்.

அந்த விவசாயி நோயுற்ற நிலத்தை விட்டுவிட்டுப் புதிய நிலத்தைத் தேடலாம். ஆனால், மலைப்பகுதியில் புதிய நிலம் என்றால் பெரும்பாலும் காட்டுச் சரிவுதான். மரங்களை வெட்டினால் மேல்மண் மழையில் கரைந்து ஆற்றுக்குச் செல்லும். 1963ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் இவ்வாறு வந்து படிந்த வண்டல் இன்றும் பெரும் சிக்கலாக இருக்கிறது.

மண்ணிலுள்ள உயிர்கள் அனைத்தையும் நச்சுவாயுவால் அழித்துவிடுவது இன்னொரு வழி. மெத்தில் புரோமைடு என்னும் வாயு பல நாடுகளில் இதற்காகப் பல்லாண்டுகள் பயன்படுத்தப்பட்டது. அது ஓசோன் படலத்தைச் சிதைக்கிறது என்பது தெரியவந்தபின், 1987ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அதுவும் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த நாடுகள் 2005ஆம் ஆண்டிலும் வளரும் நாடுகள் 2015ஆம் ஆண்டிலும் மண்ணுக்கு அதைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டியதாயிற்று. இம்முறையில் வேறொரு குறையும் உண்டு. நச்சுவாயு, தீமை செய்யும் உயிர்களோடு நன்மை செய்யும் உயிர்களையும் கொன்றுவிடுகிறது. பிறகு, நீரிலோ நாற்றிலோ நோய்க்கிருமி மீண்டும் வந்து சேரும்போது அதைத் தடுக்க அங்கே எதுவும் இருப்பதில்லை.

எஞ்சியிருக்கும் வழி, மண்ணில் வாழும் நல்லுயிர்களைப் பெருக்கி, அவற்றைக் கொண்டே நோய்க்கிருமியை அடக்குவது. இதற்குத் தேவைப்படும் முதன்மைப் பொருள் நன்கு மக்கிய இயற்கை உரம்.

உரம் எவ்வாறு நோயைத் தடுக்கிறது?

உரம் என்பது செடிக்கு உணவு என்றே நாம் படித்திருக்கிறோம். மக்கிய உரம் அதற்கு முன்பே மண்ணிலுள்ள உயிர்களுக்கு உணவாகிறது. ஒரு தேக்கரண்டி வளமான மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் ஏராளமான பூஞ்சை இழைகளும் வாழ்கின்றன. அவற்றுள் நோய் உண்டாக்குபவை மிகச் சிலவே.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹாய்டிங்க் என்னும் ஆய்வாளர், மக்கவைத்த மரப்பட்டையில் வளர்க்கப்பட்ட தொட்டிச் செடிகளில் வேரழுகல் நோய் குறைவதை ஆராய்ந்தார். இத்தகைய மக்கிய உரத்தைச் சூடாக்கி அதிலுள்ள உயிர்களைக் கொன்றுவிட்டால், நோயைத் தடுக்கும் ஆற்றல் பெரும்பாலும் மறைந்துவிடுவதை இத்துறை ஆய்வுகள் காட்டின. உரத்தில் உள்ள சத்து மட்டுமன்றி, அதில் வாழும் உயிர்களும் நோயைத் தடுக்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

அவ்வுயிர்கள் நான்கு வகைகளில் செயல்படுகின்றன.

முதலாவது, போட்டி. வேரிலிருந்து கசியும் சர்க்கரையையும் பிற சத்துகளையும் நல்லுயிர்கள் முந்திக்கொண்டு உண்கின்றன. வேரின் மேற்பரப்பில் இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. நோய்க்கிருமிக்கு உணவும் இடமும் கிடைப்பதில்லை.

இரண்டாவது, எதிர்ப்பு. பேசில்லஸ், சூடோமோனாஸ் ஆகிய பாக்டீரியா இனங்களுள் சில, பிற நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கின்றன.

மூன்றாவது, நேரடித் தாக்குதல். ட்ரைக்கோடெர்மா என்னும் பச்சை நிறப் பூஞ்சை, நாற்றழுகலை உண்டாக்கும் பூஞ்சைகளைச் சுற்றி வளைத்து அவற்றையே உணவாக்கிக் கொள்கிறது.

நான்காவது, விழிப்பூட்டல். வேரைச் சூழ்ந்து வாழும் சில நல்லுயிர்கள், செடியின் தற்காப்பு ஆற்றலை முன்கூட்டியே தூண்டிவிடுகின்றன. கிருமி வரும்போது அச்செடி விரைவாக எதிர்த்து நிற்கிறது.

இவற்றோடு மண்ணின் தன்மையும் மாறுகிறது. மக்கிய உரம் கலந்த மண் பொலபொலவென்று இருப்பதால் மழைநீர் தேங்காமல் வடிகிறது. தேங்கிய நீரில் நாற்றழுகல் நோய் எளிதில் பரவும். மேலும், நம் நாட்டில் மழை மிகுதி என்பதால் மண்ணிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கரைந்து வெளியேறி, மண் புளிப்புத் தன்மை அடைகிறது. வேர்வீக்க நோய்க்குப் புளித்த மண்ணே பிடிக்கும். சுண்ணாம்பு அல்லது டோலமைட் தூளைச் சேர்த்து, மண்ணின் பி.எச். அளவை 7க்குச் சற்று மேலே உயர்த்தினால் முட்டைக்கோசை அந்நோய் தாக்குவது வெகுவாகக் குறையும்.

மக்காத எருவால் வரும் கேடு

இயற்கையானது என்பதாலேயே எல்லாம் நன்மை செய்துவிடாது. செடி வாடுவதைக் கண்டு பதறி, பச்சைக் கோழி எருவை அள்ளிப் போடுபவர்கள் உண்டு. மக்காத எருவிலிருந்து வெளியாகும் அம்மோனியா இளவேர்களைக் கருக்கும். கருகிய வேர் கிருமிக்குத் திறந்த வாசல். எளிதில் செரிக்கும் சத்துகள் அதில் நிறைந்திருப்பதால் நாற்றழுகல் கிருமிகளும் அதில் கொழுக்கும். ஈக்களும் பெருகும். கேமரன் மலையில் பதப்படுத்தாத கோழி எருவால் ஈத்தொல்லை ஏற்பட்டதை அங்குள்ளவர்கள் நன்கறிவார்கள்.

எனவே, உரத்தை முறையாக மக்கவைப்பது இன்றியமையாதது. காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள் போன்றவற்றில் கரிமம் மிகுதி. பசும்புல், காய்கறிக் கழிவு, கோழி எரு போன்றவற்றில் நைட்ரஜன் மிகுதி. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருக்குமாறு கலந்தால் குவியல் நன்கு மக்கும். மலேசியாவில் இதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. செம்பனைக் குலையில் பழங்களைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் வெறுங்குலை, முழுக் குலையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆலைகளில் குவியும் அந்த வெறுங்குலையை நறுக்கி, எருவோடு கலந்து மக்கவைக்கிறார்கள்.

குவியல் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஒரு மீட்டர் இருக்க வேண்டும். சிறிய குவியலில் வெப்பம் தங்காது. கைப்பிடி அளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் மட்டுமே வரும் அளவுக்கு ஈரம் போதும். சில நாள்களில் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடாகும். அந்த வெப்பத்தில் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழியும். வெளிப்பக்கம் இருப்பது உள்ளே போகுமாறு கிளறிவிட வேண்டும். 55 பாகைக்குக் குறையாத வெப்பம் 15 நாள்கள் நீடிக்க வேண்டும். அதற்குள் ஐந்து முறையாவது கிளற வேண்டும் என்பது பெரிய அளவில் உரம் தயாரிப்போர் பின்பற்றும் ஒரு விதி.

சூடு தணிந்தவுடன் உரம் தயாராகிவிட்டது என்று எண்ணக்கூடாது. மேலும் சில வாரங்கள் அதை ஆறவிட வேண்டும். ட்ரைக்கோடெர்மா போன்ற நல்லுயிர்கள் குவியலில் மீண்டும் குடியேறுவது இந்தக் காலத்தில்தான். கறுத்து, உதிர்ந்து, மழை நனைத்த மண்ணின் வாசம் வீசும்போது உரம் பக்குவமாகிவிட்டது என்று அறியலாம். காய்கறிப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு முதல் மூன்று கிலோகிராம் வரை இடலாம். வாடல் நோயால் மடிந்த செடிகளை மட்டும் வீட்டு உரக் குவியலில் போடக்கூடாது. சிறு குவியல் எல்லா இடத்திலும் போதிய அளவு சூடாவதில்லை.

தவிடும் கடுகும் வேப்பம் புண்ணாக்கும்

மக்கிய உரத்தோடு வேறு சில பொருள்களும் கைகொடுக்கின்றன. வேப்ப விதையில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கு, வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் நூற்புழுக்களைக் குறைக்கிறது. நூற்புழு துளைத்த வேரின் வழியாக வாடல் பாக்டீரியா எளிதில் நுழைந்துவிடும். ஆகவே, நூற்புழுவைக் குறைத்தால் வாடல் நோயும் குறைய வாய்ப்புண்டு.

கடுகினச் செடிகளைப் பூக்கும் பருவத்தில் பொடியாக நறுக்கி, உடனே ஈரமண்ணில் புதைத்து மூடினால், கடுகின் காரத்திற்குக் காரணமான பொருள்கள் வெளிப்பட்டுக் கிருமிகளைத் தாக்கும். இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே அங்கு நாற்று நட வேண்டும். ஆனால், வேர்வீக்க நோய் உள்ள நிலத்தில் இம்முறை கூடாது. கடுகும் முட்டைக்கோசும் ஒரே குடும்பம் என்பதால் அந்நோய் கடுகிலும் வளரும்.

மெத்தில் புரோமைடுக்கு மாற்றாக ஜப்பானிலும் நெதர்லாந்திலும் மற்றொரு முறையை உருவாக்கினார்கள். ஜப்பானிய விவசாயிகள் சதுர மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோகிராம் அரிசித் தவிட்டை மண்ணில் கலந்து, மண் முழுவதும் நனையும்வரை நீர் பாய்ச்சி, நெகிழித் தாளால் மூன்று வாரங்கள் மூடிவைக்கிறார்கள். தவிட்டை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள உயிர்வளியை எல்லாம் பயன்படுத்திவிடுகின்றன. பிறகு, உயிர்வளி தேவைப்படாத நுண்ணுயிர்கள் பெருகி, புளிப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. உயிர்வளி இல்லாமலும் அமிலத்தாலும் பல நோய்க்கிருமிகள் மடிகின்றன. மண்ணின் வெப்பம் 30 பாகைக்கு மேல் இருந்தால் இம்முறை நன்றாக வேலை செய்யும். ஆகவே, கேமரன் மலையைவிட நம் தாழ்நிலங்களுக்கே இது பொருத்தமானது. கெடாவிலும் செகிஞ்சானிலும் உள்ள அரிசி ஆலைகளில் தவிடும் கிடைக்கிறது.

உரம் மட்டும் போதுமா?

கிருமி மிகுதியாகப் பெருகிவிட்ட நிலத்தில் உரம் மட்டும் போதாது. ஒரே பருவத்தில் பலன் தெரியாமலும் போகலாம். வேறு சில பழக்கங்களும் அதோடு சேர வேண்டும். வாடிய செடியை வேரோடும் வேரடி மண்ணோடும் அகற்ற வேண்டும். நோயுற்ற பாத்தியில் பயன்படுத்திய மண்வெட்டியையும் காலணியையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை மாற்றி மாற்றி நடுவதால் பயனில்லை. மூன்றும் ஒரே குடும்பம். இடையில் சோளம் போன்ற, இந்நோய் தாக்காத பயிரை வளர்க்க வேண்டும்.

ஒட்டுக்கட்டுதலும் உண்டு. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், வாடலைத் தாங்கும் கத்தரி வகைகளின் வேர்ச்செடியில் தக்காளியின் மேல்தண்டை ஒட்டுக்கட்டும் முறையைப் பரப்பிவருகிறது. நாம் வற்றல் குழம்புக்குப் பயன்படுத்தும் சுண்டைக்காய்ச் செடியின் வேரும் இந்நோயைத் தாங்கக்கூடியது. கத்தரியை அதன்மேல் ஒட்டுக்கட்டுகிறார்கள்.

மண்ணையே தவிர்த்து, பைகளில் தேங்காய் நார்த்தூளை நிரப்பி, உரம் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாகப் பாய்ச்சி மிளகாய் வளர்ப்பவர்களும் நம் நாட்டில் பலர் உள்ளனர். அதற்குக் குழாய், பம்பு, கூரை எனத் தொடக்கச் செலவு மிகுதி. கீரையும் முட்டைக்கோசும் பெரும்பாலும் இன்னும் மண்ணில்தான் விளைகின்றன. ஆகவே, மண்ணைப் பேணாமல் நமக்குக் காய்கறி கிடைக்காது.

நாம் நினைத்துப் பார்த்த அந்த விவசாயி, தம் அரை ஏக்கரை விட்டுவிடாமல் சுண்ணாம்பும் மக்கிய உரமும் இட்டு, பயிரை மாற்றி, ஒட்டு நாற்றுகளை நட்டால், முதல் பருவத்தில் சில வரிசைகளை இழக்க நேரலாம். அந்த இழப்பைத் தாங்கும் பொறுமையும் பொருளுதவியும் அவருக்கு வேண்டும். அடுத்தடுத்த பருவங்களில் இழப்பு குறையக் குறைய, அதே நிலம் அவர் குடும்பத்தைக் காப்பாற்றும். மேலே உள்ள காட்டுச் சரிவும் வெட்டப்படாமல் தப்பும்.

பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தியை ஒதுக்கி நீங்களும் இதைத் தொடங்கலாம். பாத்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் மக்கிய உரத்தை இட்டு, இரண்டிலும் ஒரே நாளில் ஒரே வகை நாற்றை நடுங்கள். எந்தப் பாதியில் எத்தனை செடிகள் வாடின என்பதை வாரந்தோறும் எழுதி வையுங்கள். வாடிய செடி ஒன்றைக் கண்டால் தூக்கி எறிவதற்கு முன் குவளை நீரைக் கொண்டுவாருங்கள்.

அருஞ்சொற்பொருள்

கைராசி – ஒருவர் கைபட்டால் நன்மை விளையும் என்னும் நம்பிக்கை
வண்டல் – நீர் அடித்துவந்து படியவைக்கும் மண்
உயிர்வளி – மூச்சுக்குத் தேவையான காற்று
புண்ணாக்கு – விதையில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கை
ஒட்டுக்கட்டுதல் – ஒரு செடியின் தண்டை மற்றொரு செடியின் வேர்ப்பகுதியோடு இணைத்து வளர்த்தல்

கருத்துணர் வினாக்கள்

1. வேரடியில் ஈரம் இருந்தும் நோயுற்ற செடி வாடுவது ஏன்?
2. மண்ணிலுள்ள எல்லா உயிர்களையும் அழிக்கும் முறையின் குறைகள் இரண்டனைக் குறிப்பிடுக.
3. சூடாக்கப்பட்ட மக்கிய உரம் நோயைத் தடுக்கும் ஆற்றலை இழந்தது எதனைக் காட்டுகிறது?
4. ‘இயற்கையானது என்பதாலேயே எல்லாம் நன்மை செய்துவிடாது.’ இக்கூற்றைக் கட்டுரையில் உள்ள சான்றுகளுடன் விளக்குக.
5. நோயுற்ற நிலத்தைக் கைவிடாமல் பேணும் விவசாயிக்குச் சமுதாயம் எவ்வகையில் துணைநிற்கலாம்? உன் கருத்தை எழுதுக.